பேர் எங்கே எழுதியிருக்கிறது? போட்டோ அடுக்கும் மென்பொருள்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

பிகாசாவை கூகுள் கைவிட்டு பத்து வருஷம் ஆகிறது. 2016 பிப்ரவரியில் அறிவித்தார்கள். மார்ச் 15-ஆம் தேதியோடு கம்ப்யூட்டரில் ஓடும் பிகாசாவுக்கு ஆதரவு நின்றது. ஆனால் எங்க பக்கம், கோயமுத்தூரில் ஆரம்பித்து பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் வரைக்கும், பழைய கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் அந்த வண்ண வட்டம் இன்னமும் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். "வேற என்னங்க போடறது, இதுதான் பழகிருச்சு" என்பார்கள். வேற என்ன போடலாம் என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

ஒப்பீட்டுக் கட்டுரைகளுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. பெரும்பாலும் ஒரு அட்டவணை இருக்கும். முகம் கண்டுபிடிக்குமா, விலை என்ன, எவ்வளவு இடம் இலவசம், திருத்தும் வசதி எப்படி என்று வரிசையாக டிக் போட்டிருப்பார்கள். வாங்குகிற அன்றைக்கு அது உதவும். ஆனால் போட்டோ என்பது வாங்குகிற அன்றைக்கு உபயோகப்படுகிற பொருள் இல்லை. இருபது, முப்பது வருஷம் கழித்து ஒருத்தர் திறந்து பார்த்து "இது யாரு?" என்று கேட்கும்போதுதான் அது வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியும். எந்த மென்பொருளும் அத்தனை வருஷம் அப்படியே இருப்பதில்லை. அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த மென்பொருளை விட்டுப் போகும்போது நான் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியும்?

படத்தை எடுத்துக்கொண்டு போகலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. படத்தின் மேல் நாம் உட்கார்ந்து செய்த உழைப்பு இருக்கிறதே, யார் யார், எந்த ஊர், எந்த வருஷம், என்ன விசேஷம் என்று எழுதினது, அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

பேர் எழுதுவது ஏன் இங்கே கஷ்டம்

1970-களில் எடுத்த ஒரு கல்யாண குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்கு முன்னால் மூன்று வரிசை. கீழே ஜமுக்காளத்தில் குழந்தைகள். அதில் இருக்கிற முப்பது பேரையும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு ஒரு குடும்பத்தில் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்கள் சொல்லி நாம் எழுதிக்கொள்ள இருக்கிற காலம் ரொம்பச் சின்னது. மென்பொருள் தேர்வு ஒரு பொழுதுபோக்கு விஷயம் இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். ஒரு தடவை சொல்லி எழுதினது அழிந்தால் மறுபடி கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

சரி, என்னவென்று எழுதுவது? "அம்மிச்சி" என்று எழுதினால் யாருடைய அம்மிச்சி? எனக்கு அம்மிச்சி, என் அம்மாவுக்கு அம்மா, என் பெண்ணுக்குக் கொள்ளுப்பாட்டி. முறை என்பது சொல்பவரைப் பொறுத்து மாறுவது. டேக் என்பது யார் பார்த்தாலும் மாறாமல் இருக்க வேண்டியது. ஆகவே பேர்தான் எழுத வேண்டும். அங்கேயும் சிக்கல். குலதெய்வம் பேரையும் தாத்தா பேரையும் வைக்கிற ஊரில் ஒரே வம்சத்தில் நாலு பழனிச்சாமி, மூணு பழனியம்மாள் இருப்பார்கள். ஊரில் அவர்களைப் பிரித்துச் சொல்வது தோட்டத்தின் பேரை வைத்துத்தான். மேக்காலத் தோட்டத்துப் பழனியம்மாள், கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்த பழனியம்மாள். இனிஷியலை நம்பவும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பேரின் எழுத்து, அதற்குப் பின்னால் பல பேருக்கு வீட்டுக்காரர் பேரின் எழுத்து.

முகத்துக்குப் பேர் வைக்கிற வசதியைச் செய்தவர்கள் முதல் பேர், குடும்பப் பேர் என்று இரண்டு பாதியாகப் பேரைப் பார்த்துப் பழகினவர்கள். தோட்டத்துக்கும் ஊருக்கும் அங்கே இடம் கிடையாது. ஒரே ஒரு பெட்டி தருவார்கள். எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் திணிக்க வேண்டும். ஆகவே எந்த மென்பொருளையும் பார்க்கும்போது அடுக்கடுக்காக டேக் வைக்க முடியுமா என்று கேட்பேன். ஊர், அதற்குள் தோட்டம், அதற்குள் ஆள். இது ஆடம்பரம் இல்லை, இங்கே அடிப்படைத் தேவை.

பிகாசா: எது நல்லது, எது ஒளிந்திருந்தது

பிகாசா கூகுள் உருவாக்கியது இல்லை. லைஃப்ஸ்கேப் என்ற கம்பெனி செய்தது. 2004-இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. அது ஏன் நம்ம ஊரில் இப்படி வேரூன்றியது என்பதற்குக் காரணம் இலவசம் மட்டும் இல்லை. நீங்கள் ஃபோல்டரில் போட்டு வைத்ததை அது நகர்த்தவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே அடுக்கிக் காட்டியது. குறைந்த நினைவகம் உள்ள கம்ப்யூட்டரிலும் ஓடியது. இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்தது. 2009-இல் முகம் பிரித்துக் காட்டும் வசதி கம்ப்யூட்டருக்கே வந்தது.

நாம் எழுதின கேப்ஷனையும் டேக்கையும் ஜேபெக் கோப்புக்குள்ளேயே எழுதியது, அது பெரிய நேர்மை. ஆனால் முகத்துக்கு வைத்த பேர்? அது ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பிலும், தனியாக இருக்கும் ஒரு தொடர்புப் பட்டியலிலும் இருந்தது. முந்தினதில் முகம் இருக்கும் இடமும் ஒரு எண்ணும், பிந்தினதில் அந்த எண் யார் என்பதும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பேர். படங்களை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனவர்களுக்கு முகப் பேர்கள் கூட வராது. பிற்பாடு 3.9 பதிப்பில் பேரைப் படத்துக்குள்ளேயே எழுதும் வசதியைக் கொடுத்தார்கள். ஆனால் அது தானாக நடக்காது. அமைப்புக்குள் போய் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைக்கும் பிகாசா ஓடுகிற கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். அந்தத் தேர்வைச் செய்து, எல்லாப் படத்துக்கும் பேரை எழுத வைத்து, அதற்கப்புறம் காப்பி எடுங்கள்.

திருத்தங்களும் அப்படித்தான். வெளிச்சம் கூட்டியது, வெட்டியது எல்லாம் நீங்கள் சேவ் கொடுக்கிற வரைக்கும் அந்த ஐஎன்ஐ கோப்பில் குறிப்பாகத்தான் இருக்கும். சேவ் கொடுத்தால் மூலப்படத்தை ஒரு ஒளிந்த ஃபோல்டரில் பத்திரமாக எடுத்து வைக்கும். இது நல்ல ஏற்பாடு. அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பது தெரியாதவர்களுக்கு மட்டும் பிரயோஜனம் இல்லை.

கூகுள் போட்டோஸ்: தேடலில் ராஜா, கணக்கில் கறார்

2015 மே மாதம் வந்தது. ஒரு அளவுக்குச் சுருக்கிய படங்கள் எத்தனை வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து அது போய், ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஆனது. போன் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தால் 15 ஜிபியில் சுமார் 3,800 படம் அடங்கும். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு போட்டோகிராபர் கொடுக்கிற பென் டிரைவில் பத்து எம்பி அளவில் 2,000 படம் இருந்தால் அதுவே 20 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம் உள்ளே போகாது.

பணம் கேட்பதில் தப்பில்லை, இடத்துக்கு வாடகை உண்டு. அதன் தேடல் பிரமாதம் என்பதையும் மறுக்க முடியாது. யாரும் எதுவும் எழுதாமலே "தென்னை மரம்", "கோயில் தேர்" என்று தேடினால் எடுத்துக் கொடுக்கும். குழந்தையாக இருந்த முகத்தையும் காலேஜ் போகிற முகத்தையும் ஒரே ஆள் என்று பல சமயம் சேர்த்துவிடும். போன் மட்டுமே வைத்திருக்கிற அம்மாக்களுக்கு இதைவிடச் சுலபமானது ஒன்றும் இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது விமர்சனம் ஆகாது.

இப்போது என் அளவுகோலுக்கு வருவோம். நாம் எழுதின விவரணை, முகத்துக்கு வைத்த பேர், திருத்திய தேதி எதுவும் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. கூகுளின் சர்வரில் இருக்கும். வெளியே எடுக்க டேக்அவுட் என்ற வழி உண்டு. அதில் படம் ஒரு கோப்பு, விவரம் ஜேசன் என்ற வடிவத்தில் இன்னொரு கோப்பு என்று ஜோடி ஜோடியாக வரும். ஜேசனில் பேர் இருக்கும். ஆனால் முப்பது பேர் இருக்கிற குரூப் போட்டோவில் எந்த முகம் எந்தப் பேர் என்பது இருக்காது. பேர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சும். நம்ம கல்யாணப் போட்டோவுக்கு அது பாதிப் பதில்கூட இல்லை.

இந்த ஜோடிகளைத் திரும்ப ஒன்றாக்கலாம். ஃபில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் எக்சிஃப்டூல் அதைச் செய்யும். ஆனால் அது கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற சமாச்சாரம். எனக்குத் தொழிலே அது என்பதால் பரவாயில்லை. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போய் "ரொம்பச் சுலபமுங்க, நாலு வரி கமாண்டுதான்" என்று நான் சொன்னால் அது மரியாதை இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். 2025 மார்ச் 31-க்குப் பிறகு வெளியார் மென்பொருள்கள் கூகுளின் ஏபிஐ வழியாக நம்முடைய முழுத் தொகுப்பையும் படிக்க முடியாது. தாங்கள் ஏற்றினதையோ, நாம் கையால் பொறுக்கிக் கொடுத்ததையோ மட்டும்தான் பார்க்கலாம். தனியுரிமைக்கு இது நல்லது என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் தானாக ஒரு நகலை வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்த வழியும் அதோடு அடைபட்டது. இரண்டாவது, இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஒருவர் தவறிவிட்டால் அவர் போனை அலமாரியில் வைத்துவிடுவோம். கணக்கை யாரும் திறக்க மாட்டோம். இதற்கு முன்னேற்பாடாக, செயலற்ற கணக்கு யாருக்குப் போக வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே குறித்து வைக்கிற வசதியை கூகுளே கொடுத்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்?

டிஜிகேம்: சரியான பதில், கரடுமுரடான முகம்

லினக்ஸ் உலகத்திலிருந்து வந்தது. கேடிஇ குழுமத்தின் கீழ் 2001-இல் ரெஞ்சி ராஜு தொடங்கினார். கில் கோலியே போன்றவர்கள் அதைப் பல ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருகிறார்கள். இப்போது விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். காசு கிடையாது, மூலநிரல் திறந்திருக்கிறது. கால் நூற்றாண்டாக நிற்கிறது. எத்தனை பெரிய கம்பெனிகளின் போட்டோ மென்பொருள்கள் இதற்குள் வந்து போய்விட்டன என்று எண்ணிப் பாருங்கள். ஆப்பிளின் ஐபோட்டோ 2002-இல் வந்து 2015-இல் வேறொன்றுக்கு இடம் விட்டது. மைக்ரோசாஃப்டின் போட்டோ கேலரி அடங்கிய எசென்ஷியல்ஸ் தொகுப்புக்கு 2017 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது.

என் கேள்விக்கு இது தருகிற பதில் நேரானது. ஃபோல்டர்தான் ஆல்பம், அதற்கு மேல் மாயம் கிடையாது. டேக் அடுக்கடுக்காக வைக்கலாம்: ஊர், தோட்டம், ஆள். முகத்தின் பேரையும், அந்த முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் எக்ஸ்எம்பி என்ற பொது வடிவத்தில் கோப்புக்குள்ளேயே எழுத முடியும். அமைப்பில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் எதையெல்லாம் கோப்பில் எழுத வேண்டும் என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் டிஜிகேமே நாளைக்கு இல்லாமல் போனாலும் பேர் படத்தோடு இருக்கும். 2020-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து முகம் அறிவதும் நன்றாக முன்னேறியிருக்கிறது. எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. எந்த முகமும் வெளியே போவதில்லை.

குறை? திறந்தவுடன் மூன்று பக்கமும் பட்டன்கள். அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஒரு ஊரே இருக்கிறது. செய்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள். போனில் கிடையாது, ஆகவே வீட்டில் மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். ஒரே ஆள் உட்கார்ந்து செய்கிற வேலையாக அது நின்றுவிடும். இது சின்னக் குறை இல்லை. "இது யாரு?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதவர்தான்.

கோப்புக்குள் எழுதுவதை எதிர்க்கிறவர்களும் உண்டு. மூலக் கோப்பைத் தொடவே கூடாது, பக்கத்தில் தனிக் கோப்பாக எழுது என்பது ஆவணக் காப்பகங்களின் பழக்கம். கொள்கையாக அது சரி. காப்பகத்தில் ஜோடியைப் பிரியாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். வீட்டில் இல்லை. மச்சான் வந்து நாலு படத்தைக் காப்பி செய்துகொண்டு போகும்போது படத்தை மட்டும்தான் எடுப்பார், பக்கத்துக் கோப்பு இங்கேயே கிடக்கும். ஆகவே மூலத்தின் ஒரு நகலைத் தனி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, வேலை செய்யும் நகலுக்குள் எழுதுவது வீட்டுக்குப் பொருத்தம். பேர் உள்ளே இருந்தால் படத்தோடு பேரும் ஊர் சுற்றும் என்ற பயம் நியாயமானது. குழந்தைகள் படத்தை வெளியே கொடுக்கும்போது மெட்டாடேட்டாவை நீக்கிய நகலைக் கொடுங்கள்.

தமிழ் தாங்குமா?

கோவைக்காரர்களுக்கு இது அந்நியமான கேள்வி இல்லை. 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. அதே மாதத்தில்தான் யூனிகோடை தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. அதற்கு முன்னால் பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த கேப்ஷன்கள் இன்று அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றி எடுக்க வழி இருக்கிறது என்பதால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. படத்துக்குள் எழுதுவதற்கு ஐபிடிசி என்று ஒரு பழைய வடிவம் இருக்கிறது, பத்திரிகை ஏஜென்சிகளுக்காக வந்தது. அதில் ஒரு டேக்குக்கு அதிகபட்சம் 64 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதிலும் "கோ" என்றால் இரண்டு குறி. "கோபிசெட்டிபாளையம் பழனியம்மாள்" என்று எழுதினால் 51-ம், இடைவெளிக்கு 1-ம், 33-ம் சேர்ந்து 85 பைட். 64-இல் கறாராக வெட்டுகிற மென்பொருளில் மிஞ்சுவது "கோபிசெட்டிபாளையம் பழனி". பழனியம்மாள் பழனி ஆகிவிடுவார், ஒரு பெண்மணி ஆணாகிவிடுவார். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 29 பைட்தான், உள்ளே அடங்கிவிடும். எக்ஸ்எம்பி வடிவத்தில் இந்த வரம்பு கிடையாது. ஆகவே எந்த மென்பொருளானாலும் எக்ஸ்எம்பியில் எழுதுகிறதா என்று பாருங்கள். ஊரையும் ஆளையும் ஒரே டேக்கில் சேர்க்காமல் தனித்தனி அடுக்காக வையுங்கள்.

தேதி இன்னொரு தலைவலி. பழைய படத்தை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாள்தான் தேதியாக நிற்கும். அப்பாரு கல்யாணம் போன மாசம் நடந்ததாக வரிசையில் முதலில் வந்து நிற்கும். தேதியை மாற்றப் போனால் நாள், மாதம், மணி, நிமிடம் எல்லாம் கேட்பார்கள். நமக்குத் தெரிந்தது "அத்திக்கடவுக்கு முந்தி, பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி" என்பதுதான். 1974 ஜனவரி 1 என்று போட்டு வைத்தால் பின்னால் வருகிறவர் அதை நிஜத் தேதி என்று நம்புவார். அதனால் கேப்ஷனில் "சுமார் 1974, தேதி உறுதியில்லை, சொன்னவர் இன்னார்" என்று எழுதுங்கள். யார் சொன்னது என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதி.

மற்றவை, சுருக்கமாக

எதையும் இறக்க வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸ் எக்ஸ்புளோரரே போதும். ஜேபெக் படத்தின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ். டைட்டில், டேக்ஸ், கமென்ட்ஸ் மூன்றிலும் தமிழில் தட்டலாம், கோப்புக்குள்ளேயே போய் உட்காரும். முகத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. "முதல் வரிசை இடமிருந்து" என்று பழைய பத்திரிகை பாணியில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பாணிக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, அதுதான் அதன் பலம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஷாட்வெல் எளிமையானது. டேக்கைக் கோப்பில் எழுதும் தேர்வு அதிலும் உண்டு.

இம்மிச் 2022-இல் வந்தது. கூகுள் போட்டோஸ் மாதிரியே ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. போனிலிருந்து தானாக ஏறும், முகம் பிரிக்கும், குடும்பத்தில் எல்லோரும் பார்க்கலாம். ஆனால் அதில் நாம் வைக்கிற முகப் பேர்கள் அதன் தரவுத்தளத்தில்தான் இருக்கும். படங்களை வைக்க ஒரே இடமாக இதை நம்பாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரித்து வந்திருக்கிறது. தவிர, வீட்டுக்குள் சர்வர் என்றால் கரண்ட், ரவுட்டர், டிஸ்க் எல்லாவற்றுக்கும் நாமே வாட்ச்மேன். 2012-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதைக் கோயமுத்தூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலாம். ஆனாலும் அந்த வாட்ச்மேன் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்ற கேள்வி இருக்கிறது. எழுபது வயதில் நானே இதை ஓட்டிக்கொண்டிருப்பேனா?

என்டே என்பது நம் பக்கத்து மாநிலத்துக்காரர் விஷ்ணு மோகன்தாஸ் தொடங்கியது. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு "என்னுடைய" என்று பொருள். படத்தை நம் போனிலேயே பூட்டித்தான் சர்வருக்கு அனுப்புகிறது, நடத்துகிறவர்களாலும் திறக்க முடியாது. அந்தரங்கம் முக்கியம் என்றால் நல்ல தேர்வு. சாவி தொலைந்தால் படமும் தொலையும் என்பதை மட்டும் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

வாட்ஸ்அப் போட்டோ மென்பொருள் இல்லை, ஆனால் நம்ம ஊரில் பாதி ஆல்பம் அங்கேதான் இருக்கிறது. படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு உள்ளே எழுதின தேதி, இடம், பேர் எல்லாம் உதிர்ந்துவிடும். கோப்பின் பேரில் வருகிற தேதியை எடுத்த தேதி என்று நம்ப வேண்டாம். முக்கியமான படமானால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

முடிவாக என் கட்சி

போனில் கூகுள் போட்டோஸ் இருக்கட்டும், பார்ப்பதற்கு அதைவிட நல்ல ஜன்னல் இல்லை. ஆனால் ஜன்னலை வீடு என்று நினைக்கக் கூடாது. வருஷம் போட்ட ஃபோல்டர்கள், படத்துக்குள்ளேயே எழுதின பேர், எழுதுவதற்கு டிஜிகேம், இரண்டு டிஸ்க், அதில் ஒன்று கோவையில், இன்னொன்று ஊரில். இதுதான் வீடு. பிகாசாவின் நிஜமான வாரிசு எது என்று கேட்டால் டிஜிகேம் என்பேன், அழகுக்காக இல்லை, விட்டுப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தாது என்பதற்காக.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அந்த மாதிரி முயற்சிகளைப் பார்க்கும்போது ஒன்று புரியும். படத்தை ஸ்கேன் செய்வது சுலபம், ஆளும் ஊரும் வருஷமும் தெரியாத படத்தை ஆவணமாக்குவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நம் வீட்டு அளவில் இன்றைக்கே குறைக்க முடியும்.

மென்பொருள் தேர்வில் ஒரு மாதம் போக்குவதைவிட, பேர் தெரிந்த பெரியவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருவது மேல். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், திரை அவர்களுக்குக் கண் கூசும். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதை எந்த மென்பொருளிலும் அப்புறம் செய்துகொள்ளலாம்.